தேனுக்குக் கணக்கு உண்டு, கொட்டுக்கு இல்லை

பெருந்தேனீக்களும் கதண்டுகளும் பறிக்கும் உயிர்கள் தில்லியின் கோப்புகளில் தனியாகப் பதிவாவதில்லை

புதுதில்லி: காட்டில் கிடைக்கும் தேனும் மெழுகும் யாருக்குச் சொந்தம் என்பதை இந்தியச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் தேனையும் மெழுகையும் பெயர் சொல்லி "வன விளைபொருள்" பட்டியலில் சேர்த்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவற்றைச் "சிறு வன விளைபொருள்" என்று வகைப்படுத்தி, சேகரித்து விற்கும் உரிமையைப் பழங்குடியினருக்கும் காடு சார்ந்து வாழும் பிறருக்கும் வழங்கியது. 2013இல் தொடங்கப்பட்ட குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தில் காட்டுத் தேனுக்கும் இடம் கிடைத்தது. 2020இல் தேனீ வளர்ப்புக்கென மத்திய அரசு ரூ. 500 கோடி ஒதுக்கித் தேசிய இயக்கம் ஒன்றையே அறிவித்தது. "இனிப்புப் புரட்சி" என்பது அதற்கு ஆட்சியாளர்கள் சூட்டிய பெயர்.

அந்தத் தேனைத் தரும் பூச்சியே ஆண்டுதோறும் உயிர்களையும் பறிக்கிறது. வயலில் களை எடுப்பவர், தேயிலை பறிப்பவர், ஏரி தூர்வாரும் ஊரகப் பணியாளர், திருவிழாவுக்குச் சென்ற பக்தர், பள்ளி மைதானத்தில் நிற்கும் சிறுவர் என்று பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் எளிய மக்கள். இவர்களில் எத்தனை பேர் இறந்தனர் என்று கேட்டால் எடுத்துக்காட்டத் தனிக் கணக்கு இல்லை. குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்குமா என்பது எந்த மாநிலத்தில் கொட்டு விழுந்தது என்பதைப் பொறுத்திருக்கிறது.

எந்தத் தேனீ, எந்தக் குளவி?

மக்கள் பொதுவாக "தேனீ" என்று சொல்வது பல இனங்களை. பெட்டிகளில் வளர்க்கப்படும் தேனீக்கள் ஒப்பளவில் சாதுவானவை. கூட்டமாகத் தாக்கி உயிருக்கு ஆபத்து விளைவிப்பது மலைத்தேனீ என்றும் பெருந்தேனீ என்றும் அழைக்கப்படும் இனம். அடுக்குத் தேனீயைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நீளமுள்ள இது, பொந்துகளில் ஒளிந்து வாழ்வதில்லை. உயர்ந்த மரக் கிளை, பாறை விளிம்பு, பாலத்தின் அடிப்பகுதி, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடம் ஆகியவற்றில் ஒற்றை அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடுகிறது. அடை ஒரு மீட்டர் அகலம் வரை விரிவதுண்டு. அதன் மேல் பல்லாயிரம் தேனீக்கள் திரைபோலப் படிந்து கிடக்கும். ஒரே மரத்தில் பல பத்து அடைகள் தொங்குவதும் உண்டு.

இமயமலைச் சரிவுகளில் இதனினும் பெரிய இனம் ஒன்று செங்குத்தான பாறைகளில் வாழ்கிறது. உலகின் மிகப் பெரிய தேனீ இனம் அதுவே.

குளவிகளின் கதை வேறு. தமிழகத்தில் கதண்டு, கடந்தை என்று வழங்கப்படும் பெருங்குளவிகள் நாடு முழுவதும் பல இனங்களாகப் பரவியுள்ளன. அவற்றில் மிகப் பெரியது வடகிழக்கு மலை மாநிலங்களில் காணப்படும் ஆசியப் பெருங்குளவி. அதன் ராணி சுமார் 5 செ.மீ. நீளம் வளரும்; கொடுக்கு மட்டுமே ஏறத்தாழ 6 மி.மீ. நிலத்தடியில் கூடு கட்டுவதால், நடந்து செல்பவர் கால் வைக்கும் வரை அதன் இருப்பு தெரிவதில்லை.

இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தேனீயின் கொடுக்கில் முட்கள் இருப்பதால் அது மனிதத் தோலில் சிக்கிக்கொள்கிறது. கொட்டிய தேனீ இறந்துவிடுகிறது. குளவியின் கொடுக்கு அவ்வாறு சிக்குவதில்லை. ஒரே குளவி பலமுறை கொட்ட முடியும்.

ஒன்று கொட்டினால் ஊரே திரளும்

பெருந்தேனீ காரணமின்றித் தாக்குவதில்லை. கல்லெறி, புகை, பட்டாசு, ஒலிபெருக்கி அதிர்வு, மரம் வெட்டுதல், தேன் பருந்து அடையைக் கிழித்தல் ஆகியவையே வழக்கமான தூண்டுதல்கள். தாக்குதல் தொடங்கியபின் அதை நிறுத்துவது கடினம். கொட்டிய தேனீயின் கொடுக்கிலிருந்து ஒருவகை எச்சரிக்கை மணம் வெளிப்படுகிறது. வாழைப்பழ வாசனையை ஒத்த அந்த மணம், மற்ற தேனீக்களுக்கு "இங்கே தாக்கு" என்ற கட்டளை. முதற்கொட்டு வாங்கியவர் கைகளை வீசி அடிக்கத் தொடங்கினால், நசுங்கும் ஒவ்வொரு தேனீயும் அந்த அழைப்பை மேலும் வலுவாக்குகிறது.

மத்தியப் பிரதேச மாநிலம் ஜபல்பூர் அருகே நர்மதை ஆறு பளிங்குப் பாறைகளுக்கு இடையே ஓடும் பேடாகாட், இந்த ஆபத்துக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடம். 19ஆம் நூற்றாண்டில் அங்கு அளவைப் பணிக்குச் சென்ற ரயில்வேப் பொறியாளர் ஒருவர், பாறையிலிருந்து கிளம்பிய தேனீக்களிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்து மூழ்கி இறந்தார். மத்திய இந்தியக் காடுகள் பற்றி 1871இல் வெளியான ஜேம்ஸ் ஃபோர்சித்தின் நூல் வழியாக அந்நிகழ்ச்சி இங்கிலாந்து வரை பேசப்பட்டது. 1895இல் வெளியான ருட்யார்ட் கிப்ளிங்கின் இரண்டாம் காட்டுப் புத்தகத்தில், காட்டு நாய்க் கூட்டம் ஒன்றை வீழ்த்த மௌக்லி பயன்படுத்துவதும் ஆற்றங்கரைப் பாறைத் தேனீக்களையே.

நீரில் குதித்தால் தப்பலாம் என்ற நம்பிக்கை இன்றும் கிராமங்களில் உண்டு. மூச்சு வாங்கத் தலையை உயர்த்தும் இடத்திலேயே தேனீக்கள் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதே அனுபவம் காட்டும் பாடம்.

மகாராஷ்டிரத்தின் அஜந்தா குகைகளிலும் இதே நிலைதான். குதிரை லாட வடிவில் வளைந்த அந்தப் பாறைச் சுவர், பெருந்தேனீக்குக் கிடைத்த இயற்கையான மாளிகை. அங்கு சுற்றுலாப் பயணிகள் கொட்டுக்கு ஆளாவது பலமுறை செய்தியாகியுள்ளது. உலகப் பாரம்பரியச் சின்னத்தில் தீ மூட்டவும் முடியாது. மருந்து தெளித்தால் ஓவியங்களுக்கு ஆபத்து. பாதுகாவலும் எச்சரிக்கைப் பலகையுமே வழி.

நகரங்களும் விலக்கல்ல. 2019 செப்டம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் அகர்தலாவுக்குப் புறப்பட இருந்த விமானத்தின் விமானி அறைக் கண்ணாடியைத் தேனீக் கூட்டம் மூடிக்கொண்டது. தீயணைப்பு வண்டி நீர் பீய்ச்சிய பின்னரே விமானம் கிளம்ப முடிந்தது. பழைய மரங்கள் வெட்டப்பட்டு உயரமான கட்டடங்கள் எழும்போது, பாறைக்கும் சிமெண்ட் மாடத்துக்கும் தேனீ வேறுபாடு பார்ப்பதில்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?

கொட்டினால் ஏற்படும் மரணம் இரு வழிகளில் வருகிறது. முதலாவது ஒவ்வாமை அதிர்ச்சி. முன்பே ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும். சில நிமிடங்களில் தொண்டை வீங்கி, மூச்சு திணறி, ரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். அந்நேரத்தில் உயிர் காப்பது தொடைத் தசையில் உடனே போடப்படும் அட்ரினலின் ஊசி. இது விலை உயர்ந்த மருந்தன்று. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் அந்த நேரத்தில் மருந்தும் அதைப் போடத் தெரிந்தவரும் இருக்கிறார்களா என்பதே கேள்வி.

இரண்டாவது வழி மெதுவானது. ஆகவே அதிகம் ஏமாற்றுவது. ஒவ்வாமை இல்லாதவருக்கும் நூற்றுக்கணக்கான கொட்டுகள் விழும்போது நஞ்சின் மொத்த அளவே எதிரியாகிறது. தேனீ நஞ்சின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி மெலிட்டின் என்ற பொருள். இது ரத்தச் சிவப்பணுக்களையும் தசை நார்களையும் சிதைக்கிறது. சிதைவின் கழிவுகள் சிறுநீரகத்தை அடைத்துவிடுகின்றன. முதல் நாள் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர், மறுநாளோ அதற்கு மறுநாளோ சிறுநீர் காப்பி நிறமாக மாறி, பின்னர் நின்றேபோய் மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படுவது இப்படித்தான்.

பாம்புக் கடிக்கு இருப்பது போன்ற முறிமருந்து இதற்கு நடைமுறையில் இல்லை. உடலுக்கு நீர்ச்சத்து ஏற்றுவதும், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வதுமே சிகிச்சை. பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டபின் மாவட்ட மருத்துவமனைகளில் இந்த வசதி பெருகியுள்ளது. ஆயினும் மலைக் கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு உள்ள தொலைவு குறையவில்லை. நிறையக் கொட்டுப்பட்டவரைக் குறைந்தது ஒரு நாளாவது கண்காணிப்பில் வைத்திருந்து ரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டும் என்ற எளிய விதி கடைப்பிடிக்கப்பட்டாலே பல உயிர்கள் மிஞ்சும்.

அட்டவணையில் இல்லாத மரணம்

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் மனித - வன விலங்கு மோதல் குறித்துக் கேள்வி எழாத கூட்டத்தொடர் அரிது. சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகம் தரும் பதில்களின் அமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. வன உயிர் மேலாண்மை முதன்மையாக மாநில அரசுகளின் பொறுப்பு என்று ஒரு வரி. பின்னர் யானையாலும் புலியாலும் இறந்தோர் எண்ணிக்கை மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக அட்டவணையாக இணைக்கப்படும். தேனீக்கோ குளவிக்கோ அந்த அட்டவணையில் கட்டம் இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரணங்கள் அறிக்கையில் பாம்புக் கடி தனியாகக் காட்டப்படுகிறது. தேனீயும் குளவியும் பிற விலங்கு, பூச்சிக் கடிகளோடு சேர்ந்து கரைந்துபோகின்றன. சிறுநீரகம் செயலிழந்து மூன்றாம் வாரம் இறந்தவரின் சான்றிதழில் "சிறுநீரகச் செயலிழப்பு" என்று மட்டும் எழுதப்பட்டால், அந்தக் கலப்புக் கணக்கிலும் அவர் சேர்வதில்லை.

கணக்கெடுப்பு ஒன்று எவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்குப் பாம்புக் கடியே சான்று. வீடு வீடாகச் சென்று மரணக் காரணங்களை விசாரித்த தேசிய ஆய்வின் அடிப்படையில், 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கலாம் என்ற மதிப்பீடு 2020இல் வெளியானது. ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம். அரசுப் பதிவுகள் காட்டியதைவிடப் பன்மடங்கான எண்ணிக்கை அது. 2024 மார்ச்சில் பாம்புக் கடி மரணங்களை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல் திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்குமாறு மாநிலங்களை மத்திய சுகாதார அமைச்சகம் கேட்டுக்கொண்டது.

பூச்சிக் கொட்டால் இறப்போர் அந்த அளவுக்கு இருப்பார்கள் என்று யாரும் கூறவில்லை. ஆனால் எண்ணப்படாத மரணத்துக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை என்பது தில்லியின் எழுதப்படாத விதி.

வன விலங்கா, பேரிடரா?

நிவாரண விஷயத்தில் குழப்பம் மேலும் கூடுகிறது. வன விலங்குத் தாக்குதலில் இறந்தோர் குடும்பத்துக்கான கருணைத் தொகையை மத்திய அரசு 2023 டிசம்பரில் ரூ. 5 லட்சத்திலிருந்து ரூ. 10 லட்சமாக உயர்த்தியது. தேனீ வன விலங்கா? 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அதன் அட்டவணைகளில் குறிப்பிடப்பட்டு இயற்கையில் வாழ்வதே வன விலங்கு. அந்த அட்டவணைகளில் பூச்சிகள் என்றால் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிகளும் வண்டுகளுமே நினைவுக்கு வரும். அச்சட்டத்தின் நோக்கம் அரிய உயிர்களைக் காப்பது. கொட்டுப்பட்டவருக்கு ஈடு தருவதன்று. எனவே விடையை ஒவ்வொரு மாநிலமும் தன் விதிகளில் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பேரிடர் நிவாரண நிதி வழியாகச் சென்றால் அங்கே வேறொரு வேடிக்கை. மத்திய அரசு அங்கீகரித்த 12 பேரிடர்களில் "பூச்சித் தாக்குதல்" என்ற ஒன்று உண்டு. ஆனால் அது பயிரைத் தின்னும் வெட்டுக்கிளி போன்றவற்றைக் குறிப்பது. பூச்சி பயிரைத் தாக்கினால் பேரிடர். பயிரிட்டவரைத் தாக்கினால் பேரிடர் அன்று.

இதற்குள் ஒரு சிறிய வழி திறந்திருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் ஆண்டு ஒதுக்கீட்டில் 10 சதவீதம் வரை, அந்த மாநிலம் தனக்கே உரியதாக அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம். ஒடிசா மின்னலையும் பாம்புக் கடியையும் இவ்வாறு சேர்த்தது. கேரளம் ஒருபடி மேலே சென்றது. வன விலங்குத் தாக்குதலுக்கான 1980ஆம் ஆண்டு இழப்பீட்டு விதிகளை 2022இல் திருத்தி, தேனீ, கடந்தல் தாக்குதலில் உயிரிழப்போரின் குடும்பத்துக்கும் இழப்பீடு வழங்க முடிவெடுத்தது. காட்டுக்கு வெளியே நேர்ந்த மரணமும் இதில் அடங்கும். 2024 மார்ச்சில் மனித - வன விலங்கு மோதலையே மாநிலப் பேரிடராக அறிவித்தது. உத்தரகண்டும் அண்மை ஆண்டுகளில் தன் நிவாரண விதிகளுக்குள் தேனீயையும் குளவியையும் கொண்டுவந்தது.

இதன் விளைவு, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சரிவில் கொட்டுப்பட்டு இறந்த தொழிலாளிக்கு விதியில் பெயர் இருக்கிறது. இன்னொரு மாநிலத்தில் அதே தேனீயால் இறந்தவரின் குடும்பம் முதல்வரின் பொது நிவாரண நிதிக்கு மனு எழுதிக் காத்திருக்கிறது. தேனீக்கு மாநில எல்லை தெரியாது. பருவந்தோறும் நூறு கிலோமீட்டருக்கும் மேல் இடம்பெயரும் இனம் அது.

அச்சம் கட்டிய கதைகள்

அறிவு எட்டாத இடத்தை அச்சம் நிரப்பிக்கொள்கிறது. கொட்டும் பூச்சிகள் விஷயத்தில் இதற்கு உலக அரசியலிலேயே உதாரணங்கள் உண்டு.

முதல் உலகப் போரின்போது, 1914 நவம்பரில் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படை தரையிறங்கியது. பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆவது காலாட்படைப் பிரிவும் அதில் இருந்தது. சண்டையின் நடுவே மரங்களிலிருந்து கலைந்த தேனீக்கள் படையினரைத் தாக்க, 98ஆவது காலாட்படைப் பிரிவு நிலைகுலைந்து சிதறியது. இந்தியப் படை தோற்றுத் திரும்பியது. ஜெர்மானியர்கள் கம்பிகளைக் கட்டித் தேனீக்களை ஆயுதமாக ஏவினார்கள் என்ற கதை பின்னர் பரவியது. கூடுகளைக் கலைத்தது துப்பாக்கிச் சூடு. தேனீக்கள் இரு தரப்பையும் பாகுபாடின்றிக் கொட்டின என்பதே உண்மை.

1981இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்ஸாண்டர் ஹேக், லாவோஸ், கம்போடியா நாடுகளில் சோவியத் ஆதரவுடன் "மஞ்சள் மழை" எனும் நச்சு ஆயுதம் பயன்படுத்தப்படுவதாகக் குற்றம் சாட்டினார். ஹார்வர்டு பல்கலைக்கழக உயிரியலாளர் மேத்யூ மெசல்சனும் பிறரும் ஆராய்ந்து, இலைகளில் காணப்பட்ட மஞ்சள் புள்ளிகள் மகரந்தம் நிறைந்தவை. ஆசியப் பெருந்தேனீக்கள் கூட்டமாகப் பறந்து வெளியேற்றிய கழிவு என்று நிறுவினர். வல்லரசுகளின் பனிப்போர்க் குற்றச்சாட்டு தேனீ எச்சத்தில் வந்து நின்றது.

2002 ஜூனில் மேற்கு வங்கத்தில், கொல்கத்தா அருகேயுள்ள சங்க்ராம்பூரில் பச்சையும் மஞ்சளுமாக மழை பெய்தது என்று மக்கள் கலங்கினர். நச்சு வாயுத் தாக்குதலோ என்ற பீதி பரவியது. சோதனை முடிவில் அதுவும் தேனீக்களின் கழிவே என்று தெரியவந்தது.

அளவுக்கு மீறிய அச்சமும் அலட்சியமும் எப்படி அருகருகே வாழும் என்பதை ஆசியப் பெருங்குளவி காட்டியது. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் 2013 கோடைப் பருவத்திலும் அதையடுத்தும் பெருங்குளவிகள் கொட்டி 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1,600க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். உலகம் அதை விரைவில் மறந்தது. 2019 டிசம்பரில் அதே இனம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சில எண்ணிக்கையில் காணப்பட்டபோது "கொலைகாரக் குளவி" என்ற பட்டத்துடன் உலகச் செய்தியானது. அங்கு அதனால் ஒருவரும் இறக்கவில்லை. கூடுகளைத் தேடி அழித்து, 2024 டிசம்பரில் அந்த இனம் ஒழிக்கப்பட்டதாக அமெரிக்க அரசு அறிவித்தது. அந்தப் பட்டப்பெயர் வீண் அச்சத்தை வளர்க்கிறது என்று கருதிய அந்நாட்டுப் பூச்சியியல் சங்கம், 2022இலேயே வேறு பெயரைப் பரிந்துரைத்திருந்தது.

தீப்பந்தம் தீர்வாகுமா?

இந்தியக் கிராமங்களில் அச்சத்தின் முதல் வெளிப்பாடு தீப்பந்தம். நகரத்தில் அது பூச்சிக்கொல்லித் தெளிப்பானாக மாறுகிறது. பயிற்சி இல்லாதவர்கள் பகலில் கூட்டைக் கொளுத்தும்போது கூடு பாதி எரிகிறது. எஞ்சிய பாதி ஊருக்குள் பாய்கிறது. அதுவரை யாரையும் தொடாத அடை, அதைக் கலைக்கப் போனதாலேயே ஆபத்தாகிறது. தமிழகத்தில் கதண்டுக் கூடுகளை அழிக்கும் வேலை தீயணைப்புத் துறையினர் மேல் விழுந்திருக்கிறது. இரவில், உரிய உடையுடன், ஆட்களை அப்புறப்படுத்திய பின்னர் செய்ய வேண்டிய வேலை அது.

ஆள் நடமாட்டமுள்ள பள்ளி வாசலில் தொங்கும் கதண்டுக் கூட்டை அகற்றத்தான் வேண்டும். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. காட்டோர மரத்தில் இருக்கும் பெருந்தேனீ அடையின் கணக்கு வேறு. குடகுப் பகுதியில் விளையும் ரொபஸ்டா வகைக் காப்பிச் செடி, வேறு செடியின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் காய்க்கும். அதைச் சுமந்து வருபவற்றில் முக்கியமானது பெருந்தேனீ. பெட்டியில் அடைத்து வளர்க்க முடியாத இந்த இனத்தை அழித்துவிட்டால், மானியம் கொடுத்து மீட்டெடுக்க வழியில்லை.

இந்தப் பூச்சிகளோடு மிக நெருங்கி வாழ்பவர்களிடம் பீதி குறைவாகவும் எச்சரிக்கை அதிகமாகவும் இருக்கிறது. நாகாலாந்தில் ஆசியப் பெருங்குளவியின் புழுக்கள் விலையுயர்ந்த உணவு. காட்டிலிருந்து சிறு கூட்டைக் கொண்டுவந்து குழியில் வைத்து வளர்த்து அறுவடை செய்யும் முறை அங்கே வழக்கத்தில் உள்ளது. நீலகிரியின் குறும்பர்கள் தலைமுறை தலைமுறையாகக் கயிற்று ஏணியில் பாறையிறங்கித் தேன் எடுக்கிறார்கள். சுந்தரவனத்தின் "மௌலி"கள் ஏப்ரல், மே மாதங்களில் வனத்துறை அனுமதியுடன் சதுப்புக் காட்டுக்குள் நுழைகிறார்கள். அவர்களுக்குத் தலைக்கு மேல் தேனீ, முதுகுக்குப் பின்னால் புலி. அந்தச் சுந்தரவனத் தேனுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேனின் பெயர் காக்கப்பட்டுவிட்டது. அதை எடுப்பவரின் உயிருக்கும் அதே அக்கறை காட்டப்பட வேண்டாமா?

செய்யக்கூடியவை

பெரும் செலவு கோரும் காரியங்கள் அல்ல இவை. முதலாவது, விபத்து மரணப் பதிவிலும் மருத்துவமனைப் பதிவிலும் தேனீ, குளவிக் கொட்டுக்குத் தனிக் கட்டம். இரண்டாவது, காட்டோரத்திலும் தோட்டப் பகுதியிலும் உள்ள ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அட்ரினலின் ஊசியும், பெருமளவு கொட்டுப்பட்டோருக்கான சிகிச்சை நெறிமுறையும். மூன்றாவது, கேரளமும் உத்தரகண்டும் தம் விதிகளில் செய்ததை எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக்கும் மத்திய வழிகாட்டுதல். நான்காவது, தேன் இயக்கத்தின் நிதியில் ஒரு பகுதி தேன் எடுப்போரின் பாதுகாப்பு உடைக்கும் காப்பீட்டுக்கும்.

மக்களிடம் சொல்ல வேண்டியதும் சுருக்கமே. அடையைக் கண்டால் கல்லெறியக் கூடாது. அதன் அருகே புகை மூட்டவோ பட்டாசு வெடிக்கவோ கூடாது. தாக்குதல் தொடங்கிவிட்டால் கையை வீசி அடிக்காமல், துணியால் முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் ஓடி, கதவடைக்கக்கூடிய கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ புகுந்துவிட வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ குதிக்கக் கூடாது. தேனீக் கொடுக்குகளை எவ்வளவு விரைவில் நீக்குகிறோமோ அவ்வளவு குறைவாக நஞ்சு ஏறும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நிறையக் கொட்டுகள் விழுந்திருந்தால், வலி தணிந்த பிறகும் மருத்துவமனையில் தங்கியே ஆக வேண்டும்.

மனித - வன விலங்கு மோதல் அடுத்த முறை அவையில் விவாதத்துக்கு வரும்போதும் யானையும் புலியும் பேசப்படும், பேசப்பட வேண்டியவையே. அந்த விவாதத்தில் எந்த உறுப்பினரேனும் எழுந்து, தேனீயாலும் குளவியாலும் கடந்த ஆண்டு எத்தனை பேர் இறந்தனர் என்று ஒரு கேள்வி கேட்டால், எண்ணைச் சேகரிக்க வேண்டிய கட்டாயம் அமைச்சகத்துக்கு வரும். தேனின் விலையை நிர்ணயித்த அரசுக்கு இந்த எண்ணைத் திரட்டுவது இயலாத காரியமன்று.